ஆணி அடிக்காத குடித்தனக்காரன்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம் என்று என் மனைவி பட்டு சொல்வாள். சிட்லபாக்கத்தில் கடன்பட்டு மாடி கட்டி வாடகைக்கு விட்டவர்களைக் கேட்டால்தான் என் கஷ்டம் தெரியும்.

1993-இல் ஏகநாதன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் மாடியைக் கேட்டு வந்தான். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி.

"கிறிஸ்டியன் இல்லையே?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பது அப்போது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை.

"இல்ல சார்," என்றான்.

அசைவம் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

வருஷங்கள் போயின, ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. மற்றவர்கள் காலண்டருக்காவது ஒன்று அடித்துவிட்டு அசடு வழிவார்கள். இவன் வீட்டில் சாமி படமும் இல்லை, காலண்டரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிடுவான். திருட்டுச் சாமான் ஏதாவது பதுக்குகிறானோ என்று பட்டுவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

1998 புத்தாண்டு காலை. அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். பட்டறைக்கு லீவு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவன், தெருமுனையில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் விபூதியை அழுத்தித் துடைத்தான். நான் சும்மா இருப்பேனா? பின்னாலேயே போனேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன சர்ச். உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே நின்றான். நான் பக்கத்து டீக்கடையில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆராதனை முடிந்து வந்தவர்களுக்கு ஓர் அம்மாள் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அதில் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு வாக்குத்தத்தம், அதாவது பைபிளில் கடவுள் கொடுத்த ஒரு வாக்கு, ஆளுக்கு ஓர் அட்டை எடுப்பது அவர்கள் வழக்கம். இவனைப் பார்த்ததும் தட்டோடு கேட்டுக்கே வந்துவிட்டார்.

"அசரியாவா? எங்கடா போய்ட்ட இத்தினி வருசமா?"

"வேணாம் தபீதாக்கா. எனக்குத் தகுதி இல்ல. ஒரு வாடக வூட்டுக்காவ, கர்த்தர யாருன்னே தெரியாதவன் மாரி நடிச்சிக்கினு கீறேன்."

"தகுதி பாத்தா நான் இந்தத் தட்டையே தூக்கக் கூடாது. எடு."

எடுத்தான். படித்தான். முகம் மாறியது.

"இது எனக்குன்னே வச்சது. யாரு சொன்னாங்க உனக்கு?"

சந்தேகத்தில் என்னையே மிஞ்சிவிட்டான்.

"நீ இன்னிக்கு வருவேன்னு எனக்கு இன்னா தெரியும்? நீயே பாத்துக்க," என்று தட்டை அவன் கையில் கொடுத்தார்.

மிச்ச அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினான். எல்லாம் வேறு வேறு. பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தம்மாள் அவன் அட்டையை வாங்கி உரக்கப் படித்தார். கடவுள் அவனை மீட்டுக்கொண்டாராம், பேர் சொல்லிக் கூப்பிட்டாராம், அவன் அவருக்குச் சொந்தமாம்.

"எந்தப் பேர் சொல்லிக்கா?" என்று விசும்பினான்.

"உங்கம்மா வச்ச பேருதான். மாத்துனது நீ. அவரு மாத்தல."

ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அந்தப் பொய்யை அவன் வாயில் போட்டதே என் கேள்விதான்.

மத்தியானம் கீழே இறங்கி வந்தான். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் பெட்டிக்கடியில் கிடந்து மங்கிப்போன ஒரு மரச் சிலுவை.

"சார், என் பேரு அசரியா. பொய் சொல்லித்தான் குடி வந்தேன். காலி பண்ணச் சொன்னீங்கன்னா, புள்ளையத் தூக்கிக்கினு அவ வர்றதுக்குள்ள வேற வூடு பாத்துடறேன்." கொஞ்சம் தயங்கினான். "இருக்கச் சொன்னீங்கன்னா, ஒரே ஒரு ஆணி அடிச்சிக்கறேன்."

பட்டு என்னையே பார்த்தாள். வழக்கமாக எதற்கு, எங்கே, எத்தனை அங்குலம் என்று பத்துக் கேள்வி கேட்பேன். அன்று ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சுத்தியலைத் தேடி எடுத்து வந்தேன்.

"ஹால்லயே அடிங்க, அசரியா," என்றேன். "ஜன்னலச் சாத்த வேண்டாம்."