செல்விக்குக் கெடைக்காத வெயிலு

சிராங்கூன் ரோட்டுப் பக்கம், தொட்டியில நீந்துற மீன் விக்கிற கடையில பதினோரு வருசமா வேல. சொல்றது அத்தனையும் நெசம். ஒரு வார்த்த பொய்யின்னாலும் என் தொட்டி மீனெல்லாம் நாளைக்கே மல்லாக்க மெதக்கட்டும். வீட்டுல எதையாச்சும் ஒளிச்சு வளத்த பாவிங்களா, உங்களுக்குத்தான் சொல்றேன்.

காதோரம் கேக்குறவங்க

நம்ம ஊரு சட்டப்படி வீட்டுல வளக்க ரெண்டு ஜாதி ஆமைக்குத்தான் அனுமதி. பாம்பு, பல்லியெல்லாம் வளக்கக் கூடாது. ஆனாலும் மீன் தீனி வாங்குற சாக்குல காதோரம் வருவாங்க. டை கட்டுன அண்ணன் ஒருத்தரு மலைப்பாம்புக் குட்டி கேட்டாரு. "எங்கண்ணே வைப்பீங்க?"ன்னேன்.

"மாமியார் ரூம்ல. அவங்க இன்னும் காலி பண்ணல, பாம்பு வந்தா பண்ணிடுவாங்க லா."

ஷூ பெட்டி

ஒரு கஸ்டமர் கவுண்டர்ல ஷூ பெட்டிய வச்சு, "வீடு மாறுறேன், பாத்துக்குங்க"ன்னுட்டு ஓடிட்டாரு. தொறந்தா நட்சத்திர ஆமை. உள்ளங்கை அளவு, முதுகெல்லாம் மஞ்சக் கோலம். அனுமதி இல்லாத ஜாதி. அப்பவே வனவிலங்கு ஆபீசுக்கு போன் அடிச்சிருக்கணும். கழுத்த நீட்டி என்னையப் பாத்துச்சு, அவ்ளோதான், விழுந்துட்டேன். புக்கிட் மேரா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி செல்வின்னு பேரு வச்சேன். நான் அதையே பாத்துக்கிட்டிருக்குறத என் வீட்டுக்காரி மேரி பாத்தா.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல என்னைய ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்கீங்களா?"

பாத்ரூம்

காரிடார்ல விட்டா அக்கம்பக்கம் பாத்துடும். அதனால செல்விக்கு பாத்ரூமு. தெனமும் டெக்கா மார்க்கெட்டுல கீரை வாங்கி ஊட்டுனேன். எட்டு மாசத்துல ஓடு ரொட்டி மாதிரி அமுங்குது! வெயில் படலன்னா ஓடு கெட்டியாகாதாம். மீன் கடைக்காரனுக்கு அது தெரியல. டாக்டர்கிட்ட போனா நான் மாட்டிக்குவேன், போகலன்னா அது செத்துரும். நான் முழிச்சேன், மேரி முழிக்கல.

"உங்கள ஜெயில்ல போட்டா நான் சோறு கொண்டாரேன். மொதல்ல டாக்ஸியப் புடிங்க."

அந்தப் பொண்ணு

டாக்டர் மருந்து குடுத்தாரு, ஆபீசுக்கும் சொல்லிட்டாரு, ஆபீசரும் வந்துச்சு. நம்ம தமிழ்ப் பொண்ணுதான். எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. "லைசன்ஸ் குடுங்க மேடம், வருசா வருசம் வந்து பாருங்க. ஒளிக்க வச்சதாலதான இந்த கதி?"ன்னேன். அந்தப் பொண்ணு செல்வி இருந்த பெட்டிய மெதுவா மூடுச்சு.

"அண்ணே, இது காட்டுல புடிச்சது. உங்களுக்கு ஒரு லைசன்ஸ் குடுத்தா, கேக்குற எல்லாருக்கும் காட்டுலேந்துதான் புடிச்சிட்டு வருவாங்க."

இப்ப

என்னைய எச்சரிக்கையோட விட்டுட்டாங்க, செல்வியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டேன். ஓடு தேறிடுச்சாம், வெயில்ல நடக்குதாம், இந்தியாவுக்கே அனுப்பப் போறாங்களாம். அதுக்குள்ள ஒரு தடவ பாக்கலாமான்னேன். முடியாதுன்னாங்க. சட்டம் சரிதான், காதோரம் வர்றவங்ககிட்ட இப்ப நானே அதத்தான் சொல்றேன். ஆனா பாத்ரூம் கதவ இன்னும் மெதுவாத்தான் தொறக்குறேன், பின்னாடி அது நின்னா இடிச்சிடுமேன்னு. நேத்து மேரி அதப் பாத்துட்டா. சிரிப்பான்னு நெனச்சேன்.

"நானும் அப்படித்தான் தொறக்குறேன், சொல்லலையே தவிர."

ஆமைக்கு ஊரு கெடைச்சிடுச்சு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு காலி பாத்ரூமு கெடைச்சிருக்கு. ஓசியில கேட்டுட்டு நழுவாதீங்க, எனக்கு நல்லா ஆத்துன தே தாரிக் டீ ஒண்ணு, மேரிக்கு ஒரு மைலோ, ஆர்டர் சொல்லிட்டு எந்திரிங்க!