பலாப் பால் விழுந்த கறுப்புக் கார்

கேட்பதற்கு உனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா? அட்டன் டவுனிலிருந்து புது வேனை ஓட்டிக்கொண்டு வந்து, நிழல் என்று பலா மரத்தடியில் நிறுத்திவிட்டு, இப்போது கூரையெல்லாம் பால் என்று என்னிடம் வந்து நிற்கிறாய். கையில்தான் போன் இருக்கிறதே, அதைக் கேட்டால் என்ன? பஸ் இரண்டு வளைவு திரும்புவதற்குள் வாந்தி எடுக்கிற கிழவி நான். படிப்பும் கிடையாது. மழைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவள். வட்டவளையில் மழைக்குக் குறைச்சல் இல்லை என்பதால் ஏதோ அ, ஆ வரை வந்துவிட்டது.

சரி, கேட்டுத் தொலைத்துவிட்டாய். முதலில் அந்தக் கத்தியைக் கீழே போடு. தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, பால் பட்ட இடத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு வந்து உட்கார். அது ஊறுவதற்குள் என் அத்தையின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தேயிலைக் கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச எங்கள் மலையில் ஆள் இல்லை. கையை விட வேகம் வாய். அவளைப் பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை அட்டனில் ஒரு கடை முதலாளியிடம் கார் ஓட்டுகிறவர். வேலை மட்டும் அல்ல, சாப்பாடும் தங்க இடமும் அங்கேதான். தோட்டத்துக்கு வெளியே வேலை பார்க்கிற மாப்பிள்ளை வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, ஒரு வாரமாக வாசலைச் சாணி போட்டு மெழுகி மெழுகி நில மட்டத்தையே உயர்த்திவிட்டாள்.

மெழுகின நேரம் போக மீதி நேரமெல்லாம் அத்தைக்குப் பாடம்.

"குனிஞ்ச தலை நிமிரக் கூடாது. ஒன் கால் கட்ட வெரலப் பாத்துக்கிட்டே வரணும். தேத்தண்ணியக் குடுக்கணும். அப்படியே உள்ள போயிறணும்."

"ஏம்மா, நா கட்ட வெரலயா கட்டிக்கப் போறேன்?"

"நாக்க அடக்குடி."

"அவரு மட்டும் என்னயப் பாக்கலாம், நா அவரப் பாக்கக் கூடாதா? மொகம் எப்படி, முழி எப்படின்னு ஒண்ணும் தெரியாம கழுத்த நீட்டணுமா?"

"நானெல்லாம் ஒங்கப்பா மொகத்த ரெண்டாவது புள்ளை பொறந்தப்பறம்தான் ஒழுங்காப் பாத்தேன்."

"அதான் தெரியுதே" என்றாள் அத்தை. விறகுக் கட்டை பறந்து வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளை நான் குனிந்துகொண்டேன். அத்தைக்கு அது பழக்கம்.

மாப்பிள்ளை முதலாளியின் காரிலேயே தன் அம்மாவோடு வந்து இறங்கினார். கன்னங்கரேல் என்ற கார். தேயிலைத் தூள் மாதிரிக் கறுப்பு இல்லை, மழையில் நனைந்த எருமை மாதிரிப் பளபளப்பான கறுப்பு. லயமே வெளியே வந்து நின்றது. அப்பா ஓடிப்போய், "தம்பி, வெயில்ல விட்டா சாயம் வெளுத்துறப் போகுது, இந்தப் பக்கம் நெழல்ல வைங்க" என்று லயத்துக் கோடியில் இருந்த பலா மரத்தடியில் காரை நிறுத்தச் சொன்னார். அது அப்பா செய்த மரியாதை.

சித்தப்பா செய்த மரியாதை அதற்குப் பிறகு. மாப்பிள்ளைக்கு மத்தியானச் சோற்றுக்கு நல்ல பிஞ்சாகப் பார்த்து ஒரு பலாக்காய் கறி வைக்க வேண்டும் என்று, யாரையும் கேட்காமல் மரத்தில் ஏறிவிட்டார். ஏறினவர் கீழே பார்க்கவில்லை. மரம் ஏறுகிறவன் கீழே பார்த்தால் தலை சுற்றுமாம். காயைக் கயிற்றில் கட்டி, காம்பை வெட்டிப் பத்திரமாக இறக்கினார். காய்க்கு ஒரு சேதமும் இல்லை. வெட்டின காம்பிலிருந்து பால் மட்டும் காரின் கூரையில் ஒரு கோலம், முன்பக்கத்தில் ஒரு கோலம், கதவில் நீளமாக ஒரு கோடு என்று வடிந்துகொண்டே வந்தது.

சத்தம் கேட்டு உள்ளே இருந்த மாப்பிள்ளை வெளியே வந்தார். அவர் முகம் பலாப் பாலை விட வெளுத்துவிட்டது.

"மொதலாளி பொழுது சாய வண்டிய, சட்டப் பையில வச்சிருக்க வெள்ள லேஞ்சியால தொடச்சிப் பாப்பாருங்க. லேஞ்சியில ஒரு கறை தெரிஞ்சாலும் நாளைக்கே சாவிய வாங்கிருவாரு."

அவருடைய அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வேல போயிருச்சுன்னா கல்யாணம் எங்க? வந்த எடத்துல இப்படி ஆயிருச்சே! எந்திரிடா, போவோம்."

போவோம் என்ற சொல் கேட்டதும் ஆண்கள் எல்லோருக்கும் வீரம் வந்துவிட்டது. ஒருவர் தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்தார், சுரண்டுவதற்கு. அப்பா விளக்கில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரி பானை தேய்க்கிற சாம்பலும் தேங்காய் மஞ்சி நாரும் கொண்டு வந்தாள். பலாக்காய் நறுக்காத கை அங்கே ஒன்றும் இல்லை. கையில் பால் ஒட்டினால் என்ன செய்வது என்று என்னைப் போன்ற பொடிசுக்கே தெரியும். ஆனால் இது கார். காருக்குப் பெரிய வைத்தியமாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அப்போதுதான் அத்தை வெளியே வந்தாள். தலை குனிந்தபடியேதான் வந்தாள். ஆனால் கையில் தேத்தண்ணீர்த் தட்டு இல்லை. தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தலும் மெல்லிசான ஒரு பழைய வாயில் சேலையும் இருந்தன.

"உள்ள போடி!" என்று அப்பாயி பல்லைக் கடித்தாள்.

"நா நிமிந்தனா? குனிஞ்சுதான இருக்கேன்" என்றாள் அத்தை, தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே. பிறகு அதே கட்டை விரலிடம் சொல்வது போல, "கத்தி வச்சிருக்கவங்க கவ்வாத்து மலைக்குப் போங்க. அந்தச் சாம்பல எடுத்துட்டுப் போங்க அக்கா, இது என்ன ஒங்க வீட்டுச் சோத்துப் பானையா? அண்ணே, மண்ணெண்ண வெளக்குக்கு வேணும், ஊத்தீராத" என்றாள்.

என்ன பெண் பிள்ளை! கத்தியும் சாம்பலும் மண்ணெண்ணெயும் வந்த வழியே திரும்பிப் போயின.

முதலில் மலைத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தோட்டத்து ரோட்டுத் தூசி அப்படியே இருக்கத் துடைத்தால் மணல் போட்டுத் தேய்த்த மாதிரிக் கீறிவிடும் என்று, தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றிக் கழுவினாள். யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துத் துடைத்துப் பார்த்தாள். துணியில் கறுப்பு ஏறவில்லை. அதன் பிறகுதான் பால் பட்ட இடமெல்லாம் எண்ணெயில் நனைத்த துணியை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள்.

"தேய்க்க மாட்டியா?" என்று அப்பா பதறினார்.

"ஊறட்டும்ணே. பலாப்பாலுகிட்ட சண்ட போட்டா அதுதான் செயிக்கும்."

ஊறின பிறகு தேய்க்கவில்லை. குழந்தையின் வாயைத் துடைக்கிற மாதிரி வழித்து எடுத்தாள். துணியின் அழுக்குப் பக்கத்தை மடித்து, அடுத்த இடத்துக்கு வேறு பக்கம். ஒட்டிக்கொண்டு வராத இடத்துக்கு மறுபடியும் எண்ணெய். விருந்தாளிக்குத் தேத்தண்ணீருக்கு வைத்த சுடுதண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, பச்சைத் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கி, சவுக்காரம் கரைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தாள். எங்கள் லயத்துக்கு வந்து தேத்தண்ணீருக்கு முன்னால் குளித்த முதல் விருந்தாளி அந்தக் கார்தான்.

எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றது நான். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தது மாப்பிள்ளை. கூரை முடிந்து, முன்பக்கம் முடிந்து, கடைசியாகக் கதவுக்கு வந்தாள். கதவில் இருந்த கோடும் போய்விட்டது. ஈரத்தை ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்தாள். கதவு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதில் என் பொக்கைப் பல் தெரிந்தது. என் தலைக்கு மேலே, வாளியோடு குனிந்து நின்ற மாப்பிள்ளையின் முகமும் தெரிந்தது. மூக்கு நுனியில் வியர்வை. மீசையில் ஒரு சவுக்கார நுரை.

அத்தை அந்த இடத்தையே துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். வாயால் ஊதித் துடைத்தாள்.

"அத்தே, அங்கதான் பாலே இல்லியே" என்றேன் நான்.

அவள் என் காலை ஒரு மிதி மிதித்தாள். "இருக்கு. ஒனக்குத் தெரியாது."

மாப்பிள்ளை மட்டும் கதவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மீசையில் இருந்த நுரையைத் துடைத்துக்கொண்டார். யார் சொல்லி அவருக்கு அது தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குள் அவருடைய அம்மா எழுந்து வந்து, தன் சேலைத் தலைப்பால் காரை ஓரிடத்தில் துடைத்துப் பார்த்தாள். தலைப்பில் ஒரு கறையும் இல்லை. அத்தையின் தாடையைத் தொட்டு, "இவ்வளவு வேலையிலயும் தல நிமிரலியே தாயி!" என்றாள். கல்யாணப் பேச்சு அங்கேயே முடிவாகிவிட்டது. பலாக்காய்க் கறி மட்டும் உறைப்புக் கொஞ்சம் அதிகம்.

அன்றிரவு எனக்கு அத்தையை நினைத்துக் கவலையாக இருந்தது. இல்லாத பாலைப் போட்டு அவ்வளவு நேரம் துடைக்கிறாளே, இந்த வயதிலேயே கண் மங்கிவிட்டதா, புருஷன் வீட்டில் எப்படி அரிசியில் கல் பொறுக்குவாள் என்று நினைத்து, மாரியம்மனிடம்கூட வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் பீலியடியில் லயத்துப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அடியே, அவ்வளவு நேரம் பக்கத்துலயே நின்னியே, மாப்புள்ள மொகம் எப்படி? பாத்தியா?"

அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "நா எங்கக்கா பாத்தேன்? குனிஞ்ச தல நிமிரவே இல்ல. காரத்தான் பாத்தேன். வேணும்னா இவளக் கேளுங்க."

ஆமாம் என்று, மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன் நான்.