அடுப்படியில் கரிசல் மண்

பேய், பிசாசு, ஜின்னு என்று எவனாவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். சவுதியில் பதினைந்து வருடம் டிரெய்லர் ஓட்டியவன், கண்ணுக்கெட்டிய தூரம் மணலைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் வண்டிக்கு அடியில் பாயை விரித்து ஒற்றை ஆளாகத் தூங்கியிருக்கிறேன். கூட ஓட்டின பயல்கள் ஜின்னைப் பார்த்தேன் என்று காய்ச்சலில் கிடந்தால், போய் மாத்திரையைப் போடுடா என்பேன். அதே வாயால்தான் இதைச் சொல்கிறேன். நம்பினாலும் சரி, வீட்டுக்குப் போய்ச் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

இப்போது அருப்புக்கோட்டையில் டயர் கடை வைத்திருக்கிறேன். ஒரே மகன் ரியாஸ். பிளஸ் ஒன் முடித்ததும் மாணவர் பரிமாற்றம் என்று ஒரு வருடம் ஜெர்மனிக்குப் போனான். அவன் தங்கிய வீட்டுப் பெண் லேனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் அறையில் இவன், இவன் அறையில் அவள். அங்கே லேனாவுக்கு அம்மா மட்டும்தான். என் மனைவி ஷமீமா ஒரு முட்டை அவித்தால்கூட முதலில் லேனாவுக்குத்தான் கொடுப்பாள். கேட்டால், “இவள நாம எப்படிப் பாக்குறமோ, அப்படித்தான அவுக நம்ம பிள்ளையப் பாப்பாக” என்பாள். பெற்றவள் பயம் அவளுக்கு. எனக்கும் இருந்தது, காட்டிக்கொள்ள மாட்டேன்.

சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேனாவுக்குக் கடல் காட்டுகிறேன் என்று மூன்று பேரும் காரில் கிளம்பினோம். திருச்சுழியில் கோயிலைச் சுற்றிப் பார்த்தாள், பரளச்சியில் டீக்கடையில் வடை தின்றாள், அப்படியே சாயல்குடிப் பக்கம் கடலைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவதாகத் திட்டம். பரளச்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கண்மாய். முந்தின நாள் ஒரு பாட்டம் மழை பெய்திருந்தது, தண்ணீர் நிற்கவில்லை, கரிசல் மட்டும் ஊறிக் கன்னங்கரேல் என்று கிடந்தது. “அத்தா, நிப்பாட்டுங்க, போட்டோ” என்றாள் லேனா, ரியாஸைப் போல அவளும் என்னை அத்தா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வெறுங்காட்டில் என்னத்தைக் கண்டாளோ, நிறுத்தினேன்.

ஈரக் கரிசலில் ஷூவோடு இறங்கினால் காலுக்கு ஒரு கிலோ அப்பும். கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். “முள்ளு கெடக்கும், பாத்து!” என்று ஷமீமா காரின் முன் சீட்டில் இருந்தபடியே கத்தினாள். உச்சி வெயில், மணி பன்னிரண்டரை இருக்கும். நான் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நிமிர்ந்தால் கண்மாயில் ஆள் இல்லை.

ஒதுங்கப் போயிருப்பாள், பெண் பிள்ளை, பார்க்கக் கூடாது என்று திரும்பி நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கண்மாய்க்குள் இறங்கினேன். சின்னச் சின்னத் தடம், விரல்கூடப் பதிந்திருந்தது. நட்ட நடுவில் போய் அந்தத் தடம் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, திரும்பி வந்ததும் இல்லை, சுற்றிலும் காக்காய் நடந்த தடம்கூடக் கிடையாது. யா அல்லா, ஊரான் பிள்ளையைத் தொலைத்துவிட்டேனே, அந்தத் தாயிடம் என்ன சொல்வேன், என் மகன் அங்கே எந்த முகத்தோடு உட்காருவான்?

அப்போது போன் அடித்தது. ரியாஸ்.

“அத்தா, லேனா எப்பக் கெளம்புனா? ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?”

“என்னடா சொல்ற?”

“இங்க அடுப்படில நிக்கிறாத்தா. இப்பத்தான் பின்வாசல் வழியா வந்தா, தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கா. அவுக அம்மா அழுகுறாக.”

அந்த நேரம் பார்த்துக் காரிலிருந்து ஷமீமா அலறினாள். “ஏங்க! பிள்ள இங்க வண்டிக்குள்ளதான் இருக்கா!”

ஓடினேன். பின் சீட்டில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள் லேனா. “நான் முன்னாலதான உக்காந்துருக்கேன், கதவு தெறக்கவே இல்லைங்க” என்றாள் ஷமீமா. அந்தப் பிள்ளையின் உள்ளங்காலைப் பார்த்தேன், ஒரு பொட்டு மண் இல்லை. ஷூ கரையிலேயே கிடந்தது. எழுப்பிக் கேட்டால், போட்டோ எடுத்தேன், தூக்கம் வந்தது, வேறு ஒன்றும் தெரியாது என்றாள்.

போனில் ரியாஸ் குரல் மாறிவிட்டது. “அத்தா, அவளக் காணோம்.” கால் துடைக்கத் துண்டு எடுக்க அவள் அம்மா திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான், ஆள் இல்லை. தரையைப் படம் எடுத்து அனுப்பினான். பின்வாசலில் இருந்து தண்ணீர்க் குழாய் வரை ஈரக் கரிசல் தடம், எல்லாம் உள்ளே வருகிற தடம். வெளியே போனது ஒன்றுகூட இல்லை. தினம் டயரிலிருந்து கரிசலைச் சுரண்டுகிறவன் நான், எனக்கு அந்த மண்ணைத் தெரியாதா?

கடலாவது ஒன்றாவது, வண்டியைத் திருப்பினேன். அன்றிலிருந்து ஷமீமா ஒரே அழுகை. “எம்பிள்ளையக் கூப்புட்டுருங்க. உள்ள போனது வெளிய வரலேங்குறான், அந்த வீட்டுல எப்படிங்க படுத்துருப்பான்?” ரியாஸ்தான் கேட்கவில்லை. “அவுக அம்மா தனியா இருக்காகத்தா, விட்டுட்டு வந்தா நல்லாருக்காது” என்றான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு லேனாவைப் பார்த்தும் பயம் வந்துவிட்டது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைக்குப் போய்விடுவேன். பாவம், ஒன்றும் அறியாமல் சிரிக்கும் அந்தப் பிள்ளை. ஷமீமா அவளுக்குச் செய்ததில் ஒன்றையும் குறைக்கவில்லை, ஆனால் தட்டை வைத்ததும் தள்ளிப் போய்விடுவாள்.

ஆனியில் லேனா ஊர் திரும்பினாள். ரியாஸ் அங்கிருந்து கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது, அதனால் அவன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். வாசல் மணி அடித்ததும் லேனாவின் அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கிறார். ஒரு வருடம் கழித்து வந்த மகள் பெட்டியோடு நிற்கிறாள். அந்தம்மா கையை நீட்டவில்லையாம். முதலில் திரும்பி அடுப்படியைப் பார்த்தாராம். பக்கத்தில் நின்ற ரியாசும் பார்த்திருக்கிறான். அப்புறம்தான் மகளை உள்ளே விடாமல் படியிலேயே வைத்துக் கட்டிக்கொண்டு அழுதாராம்.

அடுப்படியில் என்னடா இருந்தது என்று கேட்டால், “விடுங்கத்தா” என்கிறான். அவன் வந்து இரண்டு வருடமாகிவிட்டது, இன்னும் அதையேதான் சொல்கிறான்.