விளையாட ஒரு கிலோ அரிசி

திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை அரிசிக்குச் சாயம் போடுவது. பாரிஸை ஒட்டிய ஊரில் ஒரு கிரெஷ். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் காப்பகம். ஒரு கிலோ அரிசியில் கொஞ்சம் வினிகரும் கேக்குக்குப் போடும் நீலச் சாயமும் விட்டுக் குலுக்கி, தாளில் பரப்பிக் காயவைத்து, தொட்டியில் கொட்டுவேன். இரண்டு வயசு வாண்டுகள் முழங்கைவரை விட்டு அளையும். கரண்டி, புனல், காலித் தயிர் டப்பா, அவ்வளவுதான் செலவு. இன்னொரு மூலையில் பஞ்சு, மக்ரோனி, பருப்புப் போட்டு மூடியை ஒட்டிய தண்ணீர் பாட்டில்கள், குலுக்கி விளையாட. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று, தரையில் சிந்திய அரிசியை நான் ஓடி ஓடிப் பொறுக்கினேன். மேலாளர் மதாம் என் தோளைத் தொட்டு, “விடுங்கள், சிந்தத்தானே கொடுத்திருக்கிறோம். கையால் அளைந்துதான் குழந்தைகள் கற்றுக்கொள்ளும்” என்றார். சோறாக வேண்டியதைச் சிந்தக் கொடுப்பார்களா என்று எனக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பெண் நான். கணவர் முதலில் பிரான்சுக்கு வந்துவிட, எங்கள் காகிதங்கள் சரியாகும்வரை நானும் மகள் யாழினியும் அண்ணன் வீட்டில் இருந்தோம். கடையில் நானும் நிறுத்துக் கொடுப்பேன். யாழினிக்கு அப்போது இரண்டு வயசு. வாய் திறந்த மூட்டையைக் கண்டால் போதும், பச்சைப் பயற்றில் கையை நுழைத்து, விரலிடுக்கில் வழியவிட்டுச் சிரிப்பாள். ஒருநாள் செலியமேட்டு வாடிக்கைக்கார அம்மா, “இன்னாம்மா இது, கொயந்த மூக்க நோண்டிட்டு அதே கைய பயறுல வெக்குது? நாங்க துன்றது இல்லியா?” என்று கேட்டு, வாங்காமலே போய்விட்டார். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் என்னைச் சுட்டது. அண்டியிருக்கிற இடத்தில் கெட்ட பேர் வாங்கித் தருகிறாளே என்று எனக்கு வந்ததே ஆத்திரம்! “சாமான்ல கை வெக்காதடி! ஒடிச்சிடுவேன்!” என்று புறங்கையில் சுளீரென்று போட்டேன்.

ஒரு நாளோடு விட்டேனா? கை வைத்தபோதெல்லாம் போட்டேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டாள். மூட்டைப் பக்கம் போனாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். “கடைக்காரப் புள்ளன்னா இது” என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான், பாவி.

இப்போது அவளுக்கு நாலரை வயசு. இங்கே பள்ளிக்குப் போகிறாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, மற்ற பிள்ளைகள் மாவு பிசைகிறார்கள், பெயிண்டில் கையை முக்குகிறார்கள், யாழினி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நிற்கிறாள் என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து, “மெர்சி மதாம்” என்று நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அந்தப் பார்வை எனக்கு உறைத்தது. யார் யார் பிள்ளைகளுக்கோ சாயம் போட்டு நீட்டுகிறேன்; என் பிள்ளையின் கையை நானே கட்டிவிட்டேன். வீட்டில் தொட்டி நிறைய அரிசி கொட்டினேன். சோளமாவைக் கரைத்து வைத்தேன். பனிக்கட்டியை உருளவிட்டேன். ‘நீ விளையாடு அம்மா, நான் பார்க்கிறேன்’ என்று பிரெஞ்சில் சொன்னாள்.

விடுமுறைக்கு இந்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தோம். அடித்த இடத்திலேயே ஆற்றிவிடலாம் என்று எனக்கொரு நப்பாசை. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை அடைத்திருந்த மத்தியானத்தில் அவர் ஒரு பயறு மூட்டையை அவிழ்த்தார்.

“இது விக்கறதுக்கு இல்லடா கண்ணு, நம்ம வூட்டுக்கு. அள்ளு, எற, இன்னா வேணா செய்யி. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. நான் மூட்டை அருகில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டேன். பயறு சில்லென்றிருந்தது. அத்தனை வருஷம் அந்தக் கடையில் வளர்ந்தும் ஒருநாள்கூட நான் அப்படி அளைந்ததில்லை. ஒரு கை அள்ளி வழியவிட்டு, “இங்க பாரு, அம்மா வெளயாடறேன்” என்று சிரித்தேன்.

என் புறங்கையில் சுளீரென்று விழுந்தது.

“சாமான்ல கை வெக்காதடி! ஒடிச்சிடுவேன்!”

“அப்டியே உன் கொரலு!” என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஊர்ப் பேச்சு இந்தப் பெண்ணின் வாயில் நுழையவில்லையே என்று பிரான்சில் நான் அழாத குறை. அன்று ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. சொல்லிவிட்டு, கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டு, என்னையே முறைத்தபடி நின்றாள். நான் கையை எடுத்துவிட்டேன்.