கேட்க வாய் கொடுத்தான் முருகன்

அன்பர்களே, தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் என் கையில் ஒரு வேலைகூட இல்லை. ஃபோன் மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். ஊரிலிருந்து அக்காவாக இருக்கும்.

என் பெயர் வசந்தா. பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவள். அதை விட்டுவிட்டு, சின்னப் பட்டறைகள் தரச் சான்றிதழ் வாங்க வழிகாட்டும் ஆலோசகராகத் தனியாகக் கிளம்பினேன். போசரியில் நான் கைவைத்த பட்டறைகள் எல்லாம் முதல் தணிக்கையிலேயே தேறின. முதலாளிகள் வாயாரப் புகழ்ந்தார்கள். ஆனால் அடுத்த வேலை மட்டும் வரவில்லை. பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டது, என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவருக்குக் கீழே. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "போயிடு வசந்தா, எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார் என் கணவர். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போயிருப்பேன். ஆனால் சேகர் என்று ஒருவன் இருந்தானே.

சேகர் கோயம்புத்தூர்க்காரன். பிம்ப்ரியில் என்னிடம்தான் வேலை பழகினான். எனக்குப் பின்னாலேயே வெளியே வந்து இதே தொழிலைத் தொடங்கினான். நம் கிருத்திகைக் குழுவுக்கு அவனையும் அவன் மனைவியையும் அழைத்து வந்ததும் நான்தான். யார் வீட்டில் பூஜை நடந்தாலும், தீபாராதனை முடிந்ததும் எழுந்து நின்று, "முருகன் இன்னொரு கம்பெனி கொடுத்துட்டாருங்க" என்பான். எல்லோரும் கைகூப்புவார்கள். நானும் கூப்புவேன். வயிறு பற்றி எரியும். அவன் அறிக்கைகளில் பாதி வாக்கியங்கள் நான் சொல்லிக்கொடுத்தவை.

அந்த ஆடிக்கிருத்திகைக்கு விரதம் இருந்தேன். என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குக் கொடு என்று கேட்கவில்லை. அவனுக்கு இனிமேல் கொடுக்காதே என்று கேட்டேன். கண்ணீர் வழிய, உருகி உருகிக் கேட்டேன். பக்கத்திலிருந்த மாமி என் பக்தியைப் பார்த்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்போதுதான் சேகர் எழுந்தான். புதிதாக வந்திருப்பது போசரியில் ஷிண்டே என்பவரின் ஸ்பிரிங் பட்டறை என்றான். அது என் வாடிக்கையாளர் குல்கர்னியின் பட்டறைக்கு அடுத்த பட்டறை. நடுவில் ஒரு சுவர்தான்.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு நேரே குல்கர்னியிடம் போனேன். சண்டை போடத்தான்.

குல்கர்னி மராட்டியர், நல்ல மனிதர். நான் முருக பக்தை என்று தெரிந்தபோது, "எங்க பக்கம் லேடீஸ் கார்த்திகேயர் கோவிலுக்கே போக மாட்டாங்களே" என்று எனக்காகக் கவலைப்பட்டவர். நாங்கள் இந்தியில்தான் பேசுவோம். ஷிண்டே ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டதும் முழித்தார்.

"ஷிண்டே உங்களைத்தான் கேட்டார் மேடம். மேடமுக்கு மூச்சு விட நேரமில்ல, வேற ஆளைப் பாருன்னு நான்தான் சொன்னேன். எப்ப ஃபோன் பண்ணாலும் நீங்க அப்படித்தானே சொல்வீங்க? அந்தச் சேகர் அடிக்கடி வந்து, யாராவது இருந்தா சொல்லுங்கன்னு கேட்டுட்டுப் போவான். அவனை அனுப்பிவெச்சேன்."

உண்மைதான். வேலை இல்லை என்று தெரிந்தால் மதிப்புப் போய்விடும் என்று, யார் விசாரித்தாலும் "ரொம்ப பிஸி" என்றே சொல்லிவந்தேன். அவர்களும் நம்பிவிட்டார்கள். என் வேலையில் திருப்தியானவர்களே என்மேல் இரக்கப்பட்டு ஆட்களை அவனிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போதாவது நான் கேட்க வேண்டும். வாய் வரவில்லை. சாமியிடம் எதையும் கூச்சமில்லாமல் கேட்கிறவள், மனிதரிடம் வேலை கேட்பதைப் பிச்சை என்று நினைத்திருந்தேன். முருகா, இந்த ஒரு தடவை என் வாயைத் திறக்க வை என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த வேண்டுதலில் சேகர் பெயர் இல்லை. வாய் திறந்தது.

"எனக்கு இப்ப வேலையே இல்ல சார். தெரிஞ்சவங்க யாராவது இருந்தா என்னைப் பத்திச் சொல்லுங்க."

குல்கர்னி உடனே ஃபோனை எடுத்தார். ஹடப்சரில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் தன் மைத்துனரை அழைத்து, "மேடம் சும்மாதான் இருக்காங்க, பிடிச்சுக்கோ" என்றார். அந்தச் 'சும்மா' சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அந்த வாரமே வேலை ஆரம்பமானது. பழைய கம்பெனிக்கு வரவில்லை என்று பதில் சொன்னேன்.

இங்கே சான்றிதழ் வந்தால் பட்டறையில் சத்யநாராயண பூஜை போட்டு எல்லோருக்கும் பேடா கொடுப்பார்கள். அன்றிலிருந்து, பேடாவை வாங்கும்போதே முதலாளியிடம் கேட்டுவிடுகிறேன். யாரும் முகம் சுளித்ததில்லை. வேலைக்குக் குறைவும் வந்ததில்லை.

போன வருஷம் சேகர் என்னிடமே வந்தான். "கொஞ்சம் டல்லா இருக்குங்கக்கா, யாராவது இருந்தா சொல்லுங்க" என்றான். சட்னி இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்பதுபோல அவ்வளவு சுலபமாகக் கேட்டான். எனக்கு அந்த வார்த்தை வர முருகனே இறங்கிவர வேண்டியிருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன். ஆனாலும் ஒரு பெயர் கொடுத்தேன், நல்ல பெயராகத்தான். வேலை அவனுக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

அன்பர்களே, நம்பிக் கேளுங்கள். முருகனிடம் கேளுங்கள், அவன் காட்டும் மனிதரிடமும் கேளுங்கள். நானும் இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.