பாவா வாங்கிக் கொடுத்த போன்

அக்கா புருஷனைப் பழிவாங்கினேன். அதில் எனக்கு இன்றுவரை துளிகூட வருத்தம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பெருந்தன்மை அது இது என்று என்னிடம் பேச வரக்கூடாது.

பாவா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்குத் திருத்தணி பஜாரில் துணிக்கடை. மச்சினிதானே என்று சம்பளமென்று பெரிதாக எதுவும் தராமல் பல வருஷம் என்னைப் புடவை மடிக்க வைத்திருந்தார். போன வருஷம் வெளியே வந்து சொந்தமாக ஆரம்பித்தேன். அம்மையார்குப்பத்துத் தறி வீடுகளுக்கு நேராகப் போய்ப் புடவை பார்ப்பேன், படம் எடுத்து அனுப்பி விற்பேன். கடை கிடையாது, ஆள் கிடையாது, போன்தான் எல்லாம். பாவா சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். அவரோ புதுப் போன் ஒன்றை வாங்கி, கல்லாவில் உட்கார்ந்து வேண்டிய ஆப் எல்லாவற்றையும் தானே போட்டுக் கொடுத்தார். அக்கா பூரித்துப்போனாள். நானும்தான் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன்.

அந்தப் போன் மத்தியானத்தைத் தாண்டாது. காலையில் முழுச் சார்ஜோடு பஸ் ஏறினால், நாலு வீடு பார்ப்பதற்குள் சிவப்புக்கு வந்துவிடும். புடவையை விரித்துப் படம் எடுக்கப் போனால் அணைந்துவிடும். வாங்குகிறவர்கள் கூப்பிடும் நேரம் செத்துக் கிடக்கும். கூப்பிட்டுப் பார்த்துச் சலித்தவர்கள் வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார்கள். பாவாவிடமே போய்க் கேட்டேன்.

"நம்ம ஊர்ல எல்லா போனும் அப்படித்தாம்மா" என்றார். "பார்டர் இல்ல? ஆந்திரா டவர் ஒரு பக்கம் இழுக்குது, நம்ம டவர் ஒரு பக்கம் இழுக்குது. நடுவுல போன் என்னா பண்ணும்?"

ஊரே சொல்லும் காரணம்தான். போனில் எது கெட்டாலும் எங்கள் ஆட்கள் எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். நானும் நம்பினேன். திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். வேண்டாததை எல்லாம் அழித்தேன். கடைசியில் பேட்டரியையே மாற்றினேன். புதுப் பேட்டரியும் மத்தியானத்துக்கே படுத்தது.

அதே சமயத்தில் இன்னொரு தலைவலி. நான் எந்தத் தறி வீட்டுக்குப் போனாலும் அடுத்த நாள் பாவா அங்கே போய் நின்றார்.

"நீ வந்து போன மறுநாளே உங்க பாவா வந்தாரும்மா" என்று ஒரு நெசவாளியின் மனைவி சங்கடத்தோடு சொன்னாள். "நெய்யறது அத்தனையும் தனக்கேன்னு சொல்லி முன்பணம் குடுத்துட்டு போயிட்டாரு."

தேடித் தேடிப் பிடித்த நல்ல வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. இப்படியே போனால் திரும்ப அவர் கடையில் புடவை மடிக்க வேண்டியதுதான். யார் போட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. நெசவாளிகளைச் சந்தேகப்பட்டேன், பஸ் கண்டக்டரைச் சந்தேகப்பட்டேன், பெற்ற தாயைப்போல என்னை வளர்த்த அக்காவைக்கூடச் சந்தேகப்பட்டேன். கையில் இருந்ததை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஒருநாள் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பொழுது போகாமல் செட்டிங்ஸில் நோண்டியபோது, பேட்டரியை எது எவ்வளவு தின்கிறது என்று காட்டும் இடம் கண்ணில் பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே குடும்பப் பாதுகாப்பு என்று ஏதோ ஓர் ஆப். நான் அதைத் திறந்ததே இல்லை. தொட்டேன். நான் எங்கே இருக்கிறேன் என்பதை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. யாருக்கு என்று பார்த்தால், சின்ன வட்டத்துக்குள் கழுத்தில் மாலையோடு பாவா சிரித்தார். கடை திறந்த அன்று எடுத்த படம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆந்திரா டவராம்! நிறுத்து என்ற பட்டன்மேல் விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். நிறுத்தினால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வேறு வழி தேடிக்கொள்வார். என் வயிற்றில் அடித்தவருக்கு வயிறு எரிய வேண்டாமா?

அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளி வீட்டில் மஞ்சள் புடவை குவிந்து கிடந்தது. ஆடிக் கிருத்திகைக்கென்று நெய்தது. நூலுக்குச் சாயம் சரியாக ஏறாமல் போய்விட்டது. "தண்ணி பட்டா ஓடிடும்மா, எடுக்காத" என்று அவரே முன்பு என்னிடம் சொல்லியிருந்தார். மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியோடு கதை பேசி, அங்கேயே சாப்பிட்டு, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். கிளம்பும்போது நெசவாளியிடம், "யார் வந்து கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்கண்ணா" என்றேன்.

அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. பாவா வந்தபோது சாயம் நிற்காது என்று சொல்லியிருக்கிறார். பாவா சிரித்தாராம். "அப்படி சொல்லச் சொன்னாளா அவ? எங்கிட்டயேவா?" என்று கேட்டு, ஒரு புடவை விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். இதைக் கேட்ட அன்று நான் கேசரி கிண்டிச் சாப்பிட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று சரவணப் பொய்கைப் படிக்கட்டில் போய் நின்றேன். கும்பிடத்தான் வந்தேன் என்று சொன்னால் முருகனே நம்பமாட்டார். முழுகி எழுந்த பெண்களின் கைகால், ரவிக்கை எல்லாம் மஞ்சள். ஒருத்தி குளிப்பாட்டித் தூக்கிய குழந்தையும் மஞ்சள். "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். காவடி இறக்கிய கையோடு ஈரப் புடவைகளைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் பஜாருக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே போய் எதிர்ச்சாரியில் நின்று, பாவா கும்பிட்ட கையை இறக்க முடியாமல் நின்றதைக் கண் குளிரப் பார்த்தேன்.

சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து கத்தினார். அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"வேணும்னே பண்ணியிருக்கா! மூணு நாளு அந்த வீட்ல போய் உக்காந்துகினு என்னை ஏமாத்தியிருக்கா!"

"நான் அங்க உக்காந்திருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் பாவா?" என்று கேட்டேன்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் இருந்த போனைச் சட்டென்று உருவினாள். "இங்க குடு" என்று அவர் கை நீட்டுவதற்குள், நான் அந்த ஆப்பைத் திறந்து காட்டினேன்.

வரைபடத்தில் என் வீட்டின் மேல் என் படம் இருந்தது. அதை ஒட்டிக்கொண்டு இன்னொரு படம். அக்காவுடையது.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அக்கா போனை அவர் கையில் கொடுத்து, "நீங்க போங்க" என்றாள். பாவா ஏதேதோ சொன்னார், பாதுகாப்புக்குத்தான் என்றார். அவள் கதவைச் சாத்தினாள். நான் அவள் போனை வாங்கி, அந்த ஆப்பைத் தேடி அழிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எடுக்காதடி. சார்ஜ் மட்டும் போட்டு வை. நான் இங்கதான் இருக்கப்போறேன். எத்தினி நாளு ஆனாலும் பார்த்துகினு கிடக்கட்டும்."