புது நேரம் பத்து மணி

பழைய மோடம் இணைப்புத் தேடிக் கீச்சிடுமே, அந்தச் சத்தம். யாராவது விளையாட்டுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினாலும் இன்றும் என் உள்ளங்கை வேர்க்கிறது. அன்பானவர்களே, அந்தச் சத்தத்துக்குள்ளிருந்துதான் ஆண்டவர் என்னைத் தூக்கியெடுத்தார்.

2005, ஐப்பசி. வன்னியில், ஜெயபுரத்தில் படிப்பித்துக்கொண்டே தொலைக்கல்வியில் பட்டப்படிப்புப் படித்தேன். பாடங்கள் இணையத்தில் வரும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வவுனியாவுக்கு பஸ் ஏறி, இன்டர்நெற் கடையில் அச்செடுத்து வருவேன். கேட்க ஆளில்லாத படிப்பு. மணியடிப்பதும் நான், வகுப்புக்குப் போவதும் நான், பிந்தினால் பேச்சு வாங்குவதும் நான். அலுமாரிக் கதவில் நேரசூசி ஒட்டியிருந்தேன். எவரிடமும் எதுவும் கேட்டதில்லை. அதில் எனக்கொரு பெருமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை இணையத்தில் கடைசிப் பரீட்சை. முன்பே இரண்டு தரம் தவறியவள் நான். இதுவும் போனால் பதிவே போய்விடும். நாலு வருடம் மண்.

அப்போது எங்களுக்கு இரண்டு நேரம். வன்னிக்குள், புலிகளின் பக்கம், பழைய நேரம். ஓமந்தைச் சாவடி தாண்டி அரசாங்கப் பக்கம் போனால் புது நேரம், அரை மணித்தியாலம் முன்னுக்கு. நேரசூசியில் ஒவ்வொன்றுக்கும் 'ப', 'பு' என்று குறிப்பேன். அன்றைக்கு மட்டும் வெறும் '10'. புது நேரத்தைப் பழைய நேரமென்று வாசித்துவிட்டேன்.

கடைக்குள் நுழையும்போது என் மணிக்கூட்டில் பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். சிரித்தபடி கதிரையை இழுத்தேன். சுவர் மணிக்கூட்டில் பத்து இருபது. பரீட்சை தொடங்கி இருபது நிமிடம். பதினொன்றுக்குப் பூட்டிவிடும்.

ஆறு கணினிகளுக்கும் ஒரே மோடம், ஒரே லைன். பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரை. பத்து முப்பது. வெள்ளைத் திரை. முதல் கேள்வி பாதி வந்து நின்றது. மொத்தம் முப்பது கேள்வி. பக்கத்தில் எல்லோரும் வெளிநாட்டோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். லைனை விடச்சொல்லி அவர்களிடம் எப்படிக் கேட்பது? செபித்தேன். 'ஆண்டவரே, என் வாயைத் திறவும்.' அவ்வளவுதான். வேறு சொல் வரவில்லை.

வாய் திறந்தது. வந்தது அழுகை.

"என்ன பிள்ளை, வருத்தமோ?" பக்கத்துக் கதிரையில் திருநீறு பூசிய ஒரு ஐயா. கனடாவில் இருக்கும் மகனோடு கதைத்துக்கொண்டிருந்தவர். விக்கி விக்கிச் சொன்னேன்.

அவர் ஹெட்போனுக்குள் சொன்னார்: "மோனை, வை. இஞ்சை ஒரு பிள்ளை சோதினை எழுதுது." பிறகு எழும்பி நின்றார். "எல்லாரும் லைனை விடுங்கோ! கனடாவும் சுவிஸும் ஓடிப்போகாது."

"ஐயா, என்ரை கடையைப் பூட்டிப்போட்டோ போகப்போறியள்?" என்றார் கடைக்காரர்.

"அரை மணித்தியாலம் பூட்டு. நீயும் ஒரு தேத்தண்ணி குடி."

மற்ற நாலு பேரும் எழும்பினார்கள். அடுத்த கணம் கேள்விகள் தண்ணியாய் ஓடி வந்தன. ஒன்றையும் திருப்பிப் பாராமல் எழுதினேன். பத்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன். திரை மறுபடி வெளுத்தது. 'கிடைத்தது' என்று ஒரு வரி வந்தது.

தேறினேன். அதைவிடப் பெரியது வேறொன்று. தனியே படிப்பதென்றால் ஒருவரையும் கேளாதிருப்பது என்றல்லவா நினைத்திருந்தேன்! அந்தக் கிழமையே ஊரில் இதே படிப்புப் படித்த இன்னும் இரண்டு பெண்களிடம் போய், என் நேரசூசியைச் சரிபார்த்துத் தரச் சொன்னேன். ஞாயிறு ஆராதனை முடிய மூவரும் சேர்ந்து படித்தோம். உங்களில் யாராவது வாய்மூடித் தவித்தால், முதலில் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் பக்கத்துக் கதிரையில் ஒருவரை இருத்தியிருப்பார்.

அடுத்த வருடம் சண்டை தொடங்கி ஓமந்தைப் பாதை பூட்டுப்பட்டது. அந்த ஐயாவை நான் பிறகு காணவில்லை. அன்றைக்குக் கடை வாசலில் அவரை மறித்து, "உங்கடை மகனுக்காகச் செபிக்கிறன் ஐயா, பேரைச் சொல்லுங்கோ" என்றேன்.

"பாஸ்கரன். சுகமாயிருக்க வேணுமெண்டு மட்டும் கேட்டுப்போட்டு விட்டிடாதையும். ஒரு கலியாணத்தையும் சேர்த்துக் கேளும் பிள்ளை. வெக்கப்படாமல் கேளும்."